மலிவுத் துணியின் விடுபட்ட கணக்கு



நுகர்வுக் கலாச்சாரமும் அதன் விளைவுகளும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று, எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது. இன்னொன்று, பாட்டன் காலத்தில் எல்லோரும் எளிமையாக வாழ்ந்தார்கள் என்று பெருமூச்சு விடுவது. முதலாவதைக் கேட்டுவிட்டு நீங்கள் நேராகக் கடைத்தெருவுக்குத்தான் போவீர்கள். இரண்டாவது முழு உண்மை இல்லை. ஆகவே இரண்டையும் தவிர்த்துவிட்டு, ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் வரவு செலவை முழுவதும் எழுதிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். அந்தப் பொருள், உங்களில் பாதிப்பேர் இப்போது போட்டிருக்கும் பருத்தி டி-ஷர்ட்.

ஒரு தணிக்கையாளரின் பார்வை

இப்படிக் கணக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தமிழர். ஜே.சி. குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார், பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக் கணக்கிலேயே விடை தேடினார். ஊர் திரும்பி 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டும் சூட்டும் போய்க் கதர் வந்தது. குஜராத்தின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய்க் குடும்பங்களின் வருமானத்தைக் கணக்கெடுத்தார். 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் கழித்து, 1960இல் மறைந்தார்.

நல்ல தணிக்கையாளர் புத்தகத்தில் எழுதியிருப்பதைச் சரிபார்ப்பதோடு நிறுத்தமாட்டார். எழுதாமல் விட்டது என்ன என்றும் தேடுவார். குமரப்பா பொருளாதாரத்தையே அந்தக் கண்ணால் பார்த்தார். நிலைத்திருக்கும் பொருளாதாரம் எப்படி இருக்க வேண்டும் என்று சிறையில் இருந்தபடி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதில் பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். இரையைக் கொன்று வாழும் புலியின் வகை ஒன்று. தோப்புக்கு எந்த உழைப்பும் கொடுக்காமல் பழத்தைப் பறித்துக்கொள்ளும் குரங்கின் வகை அடுத்தது. தானே கூடு கட்டிக்கொள்ளும் பறவையின் வகை மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீயின் வகை நான்காவது. பலனை எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவையின் வகை ஐந்தாவது.

வளங்களையும் அவர் இரண்டாகப் பிரித்தார். மழை, வெயில், காடு, பருத்தி என்று ஆண்டுக்கு ஆண்டு ஊறிவரும் வளம் ஒன்று. நிலக்கரி, பெட்ரோலியம், தாது என்று எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு இன்னொன்று. இருப்பை நம்பி வாழும் நாடுகள் அந்த இருப்புக்காக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து மனிதர் அவர், அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை.

இந்த இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு நம் டி-ஷர்ட்டைப் பார்ப்போம்.

உப்பு எங்கே போனது?

முதலில் தண்ணீர். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, பருத்திச் செடி குடிப்பதையும் சேர்த்து, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மத்திய ஆசியாவில் அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளையும் 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். அவை போய்ச் சேர்ந்துகொண்டிருந்த ஆரல் கடல், உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி பாலைவனம். மொய்னாக் என்ற பழைய மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. அந்தச் செலவு எந்தச் சட்டையின் விலைச்சீட்டிலும் ஏறவில்லை.

அடுத்து, நமக்குப் பக்கத்தில் இருக்கும் கணக்கு. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. நூல், நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு பனியன் பல கைகள் தாண்டி வரும். இதில் அந்த ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் தலையெழுத்தைத் தீர்மானித்தது சாயப்பட்டறை.

பருத்திக்கு இன்று பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான் போடுகிறார்கள். துவைத்தால் போகாது, நிறம் பளிச்சென்று நிற்கும். ஆனால் தண்ணீருக்குள் பருத்தி நூலும் எதிர்மின்னூட்டம் பெறுகிறது, சாயமும் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலகலைக் குறைத்துச் சாயத்தை நூலோடு சேர்க்க உப்பு வேண்டும். கொஞ்சநஞ்ச உப்பு போதாது. நிறத்தின் அழுத்தத்தைப் பொறுத்து, சாயத் தொட்டியின் ஒரு லிட்டர் நீருக்கு 40 கிராம், 60 கிராம், 80 கிராம் என்று போகும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு. கடலைவிட உப்பான தண்ணீரில்தான் நம் கருநீலச் சட்டை நிறம் பெறுகிறது.

வேலை முடிந்த பிறகு அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். கழிவுநீரில் சுண்ணாம்பு போட்டுக் கசடை இறக்கலாம். நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்னவைக்கலாம். நிறம் குறையும், நாற்றம் குறையும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். திருப்பூரில் 1990களின் இறுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் ஆற்றைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். வெளியே விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. பட்டறைத் தண்ணீரில் அது பல மடங்கு இருந்தது.

அந்தத் தண்ணீர் நொய்யலில் கலந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேரும் ஆறு. மழைக்காலத்தில் ஓடும் நீரைத் தேக்கிக் கீழே இருக்கும் வயல்களுக்குக் கொடுப்பதற்காக ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டி, 1992இல் திறந்தார்கள். வறண்ட பூமிக்கு அணை வந்தால் விவசாயிக்கு அதைவிடப் பெரிய திருவிழா உண்டா? ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்த அணை சாயக் கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அந்த நீர் பாய்ந்த நிலம் உப்பேறிக் கெட்டது. சுற்றிலும் கிணறுகள் குடிக்க உதவாமல் போயின. தென்னை காய்ந்தது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள், திறந்து விட்டுவிடுங்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் கேட்டுப் போராடும் விவசாயிகளை இந்த நாடு நிறையப் பார்த்திருக்கிறது. தேக்கிய தண்ணீர் வேண்டாம் என்று போராடியவர்கள் நொய்யல்கரைக்காரர்கள்.

அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை, வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996இலேயே உச்ச நீதிமன்றம் இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்துவிட்டது. நொய்யல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. அதன் பிறகும் கழிவுநீர் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. சாயமேற்றும் வேலை கொஞ்சம் அண்டை மாவட்டங்களுக்கு நழுவியது, கொஞ்சம் திருட்டுத்தனமாக நடந்தது.

பிறகு திறந்த பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு திறந்தன. ஆர்.ஓ. சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இது சாதாரணச் சாதனை இல்லை. உலகத்தில் எத்தனையோ சாய நகரங்களில் இன்றும் இல்லாத ஏற்பாடு. ஆனால் தணிக்கையாளர் இங்கும் கேட்பார்: ஆற்றிலிருந்து நீக்கிய செலவு எங்கே போனது? கொதிகலனுக்கு விறகாகவும் நிலக்கரியாகவும் போனது. மின்கட்டணமாகப் போனது. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பாகவும் கசடாகவும் கொட்டகைகளில் குவிந்துகொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு அநியாயம் உண்டு. இவ்வளவு செலவு செய்து சாயம்போட்ட துணிக்கு, வெளிநாட்டுப் பையர் கூடுதலாக விலை கொடுப்பதில்லை. வேறொரு நாட்டில் இதைவிடச் சில சென்ட் குறைவாகக் கிடைக்கிறதே என்பார். அங்கே ஏன் குறைவாகக் கிடைக்கிறது? அங்கே ஏதோ ஓர் ஆறு அந்தச் செலவை இன்னும் சுமந்துகொண்டிருக்கலாம். மலிவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, சிக்கனத்தால் வந்தது இல்லை. ஓரிடத்துச் செலவை இன்னோர் இடத்துக்குத் தள்ளிவிட்டதால் வந்தது. நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

மனிதர் தலையில் ஏறிய பாக்கி

செலவு ஆற்றின் தலையில் மட்டும் விழுவதில்லை. வங்காளதேசத்தில் டாக்காவுக்கு அருகே சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழ்த்தளங்களில் வங்கியும் கடைகளும், மேல் மாடிகளில் மேலை நாட்டு நிறுவனங்களுக்குத் தைத்துக்கொடுக்கும் ஆலைகளும் இயங்கின. 2013 ஏப்ரல் 23 அன்று கட்டடத்தில் விரிசல் கண்டது. வங்கியையும் கடைகளையும் மூடினார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஏப்ரல் 24 காலையில் கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார், தையல்காரப் பெண் மாடியில் இருந்தார். ஆர்டரைத் தேதிக்குள் கப்பலேற்றாவிட்டால் பையர் அபராதம் போடுவார், அடுத்த ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும். அந்த அவசரம் எந்தக் கடையின் ஜன்னலிலும் தெரிவதில்லை.

நம் பக்கம் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். கொங்குப் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், தென் மாவட்டத்து ஏழைப் பெண்பிள்ளைகளை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள். இடையில் உடம்பு முடியாமல் வெளியேறியவர்கள் அந்தத் தொகையை இழந்தார்கள். வரதட்சணை என்ற நம் ஊர்ச் சுமையை மூலதனமாக வைத்து மலிவு நூல் நூற்றார்கள் என்பதை வேறு எப்படிச் சொல்வது?

இவ்வளவு எதற்கு வாங்குகிறோம்?

உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் ஆடை இழையின் அளவு 2000ஆம் ஆண்டில் சுமார் 5 கோடியே 80 லட்சம் டன். 2023இல் அது சுமார் 12 கோடியே 40 லட்சம் டன். இருமடங்குக்கு மேல். இதே காலத்தில் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உயர்ந்தது. அப்படியானால் துணி கூடியது புதிதாகப் பிறந்தவர்களுக்காக மட்டும் இல்லை. ஏற்கெனவே துணி வைத்திருப்பவர்களுக்காக.

இந்தத் தேவை தானாக ஊறியது என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து திட்டமிட்டு உருவாக்கியிருக்கிறார்கள். 1924இல் ஜெனீவாவில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி, ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று முடிவுசெய்து, கூடுதலாக உழைக்கும் பல்பு செய்த ஆலைகளுக்கு அபராதம் விதித்தன. அதே பத்தாண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஓடிக்கொண்டிருக்கும் காரைப் பழசாக்குவதற்கு ஆண்டுக்கு ஒரு புது மாடல் என்ற வழியைக் கண்டுபிடித்தது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1932இல், பெர்னார்ட் லண்டன் என்பவர் இன்னும் ஒருபடி மேலே போனார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசே ஆயுள் குறிக்க வேண்டும், கெடு முடிந்ததும் அது உழைத்தாலும் ஒப்படைத்துவிட வேண்டும், அப்போதுதான் ஆலைகள் ஓடும் என்று சிறுநூல் எழுதினார்.

பல்பை உடைக்க இழையை மெலிதாக்க வேண்டும். சட்டையை உடைக்க அதுகூடத் தேவையில்லை. போன வருஷத்துச் சட்டை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று இருந்த மேலைநாட்டு ஆடைச் சந்தையை, சில நிறுவனங்கள் வாரத்துக்கு வாரம் புதுச்சரக்கு என்று மாற்றின. இன்று கைபேசிச் செயலிகளில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான புது வடிவங்கள் ஏறுகின்றன. விற்காமல் மிஞ்சினால்? 2018இல் பர்பெரி என்ற பிரிட்டிஷ் நிறுவனம், முந்தைய நிதியாண்டில் 2 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள சரக்கை அழித்ததாகத் தன் ஆண்டறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. குறைந்த விலைக்கு விற்றால் பெயரின் மதிப்புப் போய்விடுமாம். பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது.

இந்த வேகத்துக்குப் பருத்தி ஈடுகொடுக்காது. ஆகவே பாலியஸ்டர் வந்தது. இன்று உலக இழை உற்பத்தியில் பாதிக்கு மேல் அதுதான். பெட்ரோலியத்திலிருந்து செய்வது. குமரப்பாவின் கணக்கில் ஊறும் வளத்திலிருந்து இருப்பு வளத்துக்கு நம் உடம்பின் ஆடையே இடம் மாறிவிட்டது. துவைக்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் நுண்ணிழைகள் உதிர்ந்து சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகின்றன. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைத் திரும்பப் பிரித்தெடுப்பது கடினம். பழைய ஆடைகளில் மறுபடி புது ஆடையாகத் திரும்புவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017இல் கணக்கிட்டது.

தானம் என்ற பெயரில் ஏற்றுமதி

அப்படியானால் அவ்வளவு துணியும் எங்கே போகிறது? மேலை நாடுகளில் நல்ல மனத்தோடு தானப் பெட்டியில் போடுகிறார்கள். அதில் பெரும்பகுதி மூட்டையாகிக் கப்பலேறுகிறது. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் காந்தமாந்தோ என்ற சந்தை இருக்கிறது. வாரத்துக்குச் சுமார் ஒன்றரைக் கோடி ஆடைகள் அங்கே வந்து இறங்குகின்றன என்று அங்கே வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே கடன் வாங்கி எடுக்கிறார்கள். உள்ளே நல்ல துணி இருந்தால் பிழைப்பு, கிழிசலும் கறையுமாக இருந்தால் கடன். விலைபோகாதது சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போகிறது. 2025 ஜனவரித் தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீக்கிரையானது.

சிலி நாட்டின் இகிகே துறைமுகத்தில் வரியில்லாமல் இறங்கும் பழைய துணிகளில் விற்காதவை, அட்டகாமா பாலைவனத்தில் அல்டோ ஓஸ்பிசியோ ஊருக்கு வெளியே மலைமலையாகக் குவிந்தன. அவற்றில் விலைச்சீட்டுக் கிழிக்காத புதுத் துணிகளும் இருந்தன. நம் நாட்டில் பானிப்பட்டு நகரம் உலகத்தின் கம்பளிக் கந்தலை வாங்கிக் கிழித்து, நூலாக்கி, போர்வையாக நெய்தது. நெடுங்காலம் நல்ல பிழைப்பாக இருந்த அந்தத் தொழிலுக்கும் பாலியஸ்டர் போர்வை போட்டியாக வந்துவிட்டது.

நம் வீடுகளில் இதற்கு வேறு பாதை இருந்தது. வேட்டி நைந்தால் துண்டு, துண்டு நைந்தால் கரித்துணி. அம்மாவின் நூல் புடவை தூளியாகும், பிறகு பிள்ளைக்கு இடுப்புத் துணியாகும். மிஞ்சியதை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கத் தெருவுக்கு ஆள் வருவார். இன்று ஷிஃபான் சேலையில் தூளி கட்ட முடியாது, பாலியஸ்டர் சட்டை தண்ணீரை உறிஞ்சாது. வாங்கிக்கொண்டிருந்த ஆளும் வருவதில்லை. துணி நேரே குப்பைவண்டியில் ஏறுகிறது.

ஏழை உடுக்கக் கூடாதா?

இந்த இடத்தில் ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். ஐயா, துணி மலிந்ததால்தானே எங்களைப் போன்றவர்கள் நல்ல சட்டை போட்டோம்? அதையும் தப்பு என்கிறீர்களா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நாடார் சமூகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டத்தில் அடிபட்டார்கள், வீடுகள் எரிந்தன. 1859இல் அரச ஆணை வந்தபோதுகூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்த சமூகத்தில், காசு கொடுத்தால் யாரும் எதையும் வாங்கலாம் என்று சந்தை வந்தது ஒரு விடுதலை. அதை மறந்துவிட்டு எளிமையைப் புகழ்வது, ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு. பாட்டன் காலத்து எளிமையில் பாதி வறுமை, மீதியில் ஒரு பங்கு தடை.

திருப்பூரும் அப்படித்தான். நிலமில்லாத குடும்பங்களுக்கு வாராவாரம் சனிக்கிழமைச் சம்பளம் கொடுத்த ஊர் அது. பெண்கள் தங்கள் பெயரில் காசு பார்த்த ஊர். அதனால்தான் அந்த ஊரின் பிழைப்பை வெளிநாட்டுக் கடைகளின் மனநிலையோடு கட்டிவைத்திருப்பது ஆபத்து என்கிறேன். 2020இல் கொரோனா வந்ததும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஆர்டர்களை நிறுத்தின, தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஊரே கலங்கியது. வேகமாக வாங்கி வேகமாக எறியும் பழக்கத்தின் மேல் கட்டிய வேலைவாய்ப்பு, அந்தப் பழக்கம் ஒரு மாதம் நின்றால் ஆடிப்போகிறது.

ஆகவே துணி இல்லாதவருக்குத் துணி போய்ச் சேர்வதை நான் குறை சொல்லவில்லை. அலமாரி நிறைய வைத்திருப்பவர் தள்ளுபடி என்பதற்காக வாங்குவதைத்தான் கேள்வி கேட்கிறேன். ஆடி மாதம் விற்பனை மந்தமான மாதம் என்பதால் தள்ளுபடி வந்தது. இன்று ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சலுகை, புத்தாண்டுச் சலுகை, நள்ளிரவு விற்பனை என்று ஆண்டு முழுவதும் ஆடியாகிவிட்டது. கையில் காசில்லாவிட்டாலும் தவணை இருக்கிறது. முன்பு தீபாவளிக்கு ஒரு புதுத்துணி என்றால் வீட்டில் அது ஒரு நிகழ்ச்சி. இன்று கல்யாணத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, போட்டோவுக்கு ஒன்று. ஒருமுறை கைபேசியில் படம் ஏறிய உடுப்பை இன்னொரு விழாவுக்கு உடுத்தக் கூச்சப்படுகிறார்கள் நம் பிள்ளைகள். கூலி வேலைக்குப் போகும் தகப்பன் அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்துக் கடன் வாங்குகிறார். நுகர்வு சமூகத்தில் செய்யும் பெரிய காயம் இது: ஒருவரை மதிப்பிட அவர் வாங்கியதே போதும் என்று ஆக்கிவிடுகிறது. முன்பு சாதி செய்த வேலையை இப்போது பிராண்டு செய்கிறது.

செலவை உரியவர் கணக்கில் எழுதுவோம்

என்ன செய்யலாம்? தனிமனிதர் திருந்தினால் உலகம் திருந்தும் என்று சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. நொய்யலில் சாயக் கழிவு குறைந்தது, பனியன் போட்டவர்கள் மனம் மாறியதால் இல்லை. பாதிக்கப்பட்ட விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் பூட்டுப் போட்டது. ராணா பிளாசாவுக்குப் பிறகு வங்காளதேசத்தில் பல ஆலைகள் பத்திரமானதும், தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் கையெழுத்திட்டதால்தான். செலவைத் தள்ளிவிட்டவரிடமே அதைத் திருப்பி அனுப்பியபோதுதான் ஏதாவது நடந்திருக்கிறது.

அதே வழியில் மூன்று காரியங்கள். முதலாவது, விற்றவரே கடைசிவரை பொறுப்பு. மின்னணுக் கழிவுக்கும் பிளாஸ்டிக் உறைகளுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பேற்கும் விதி நம் நாட்டில் இருக்கிறது. துணிக்கும் அது வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் விற்காத ஆடைகளையும் காலணிகளையும் அழிக்கப் பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலையிலிருந்து தடை என்று சட்டம் செய்திருக்கிறது. பிரான்சில் 2023 முதல் துணியையும் செருப்பையும் பழுதுபார்த்துக்கொள்பவருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கழித்துக் கொடுக்கிறார்கள். நம் தெருமுனைத் தையல்காரருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் அப்படி ஒரு மரியாதை ஏன் கூடாது?

இரண்டாவது, சுத்தமாகச் சாயம்போட்ட துணிக்கு அந்தச் செலவை வாங்குபவர் கொடுக்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் தொழிற்சங்கங்களும் நொய்யல்கரை விவசாயிகளும் இந்த ஒரு கோரிக்கையிலாவது ஒரே மேடையில் நிற்கலாம். இத்தனை காலமும் மூவரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னதில் லாபம் பார்த்தவர் நாலாவது ஆள்.

மூன்றாவது, நம் வீட்டுக் கணக்கு. இது சிறிய பங்குதான், ஆனால் நம் கையில் இருக்கும் பங்கு. சட்டையை இரண்டு மடங்கு காலம் உடுத்தினால், நம் சட்டைகளுக்கு ஆண்டுதோறும் செலவாகும் பருத்தியும் உப்பும் தண்ணீரும் பாதியாகும். இதற்குத் தத்துவம் வேண்டாம், ஊசியும் நூலும் போதும். பள்ளிக்கூடத்தில் பொத்தான் தைக்கப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். கல்யாணத்துக்கு உடுத்திய புடவையை அடுத்த கல்யாணத்துக்கும் உடுத்துங்கள், யாராவது கேட்டால் பெருமையாகச் சொல்லுங்கள். கடையில் துணியை எடுக்கும்போது விலையைப் பார்த்த கண் அப்படியே இழையின் பெயரையும் பார்க்கட்டும்.

மாணவ நண்பர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் நாளைக்குக் கணக்காளர்களாகவும் மேலாளர்களாகவும் அதிகாரிகளாகவும் போவீர்கள். ஒரு நிறுவனத்தின் லாபக் கணக்கு உங்கள் மேசைக்கு வரும். கூட்டல் கழித்தல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த லாபத்துக்காக எந்த ஆறு, எந்தக் கிணறு, எந்தப் பெண்ணின் மூன்று ஆண்டு செலவாயிற்று, அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எழுதியிருக்காவிட்டால் எழுதச் சொல்லுங்கள். குமரப்பா என்ற தணிக்கையாளர் செய்த வேலை அதுதான். இன்றைக்கும் அந்த வேலைக்கு ஆள் போதவில்லை.